போட் கிளப் ஆண்டு விழாவுக்கு உறுப்பினர்களின் கதைகளைத் திரட்டுவது எப்படி?

விழாக் கமிட்டி கூடியதும் மலர் போடுவதென்று முடிவாகும். அடுத்த வாரமே, 'உறுப்பினர்கள் தங்கள் நினைவுகளை 500 வார்த்தைக்குள் எழுதி அனுப்பவும்' என்று ஒரு சுற்றறிக்கை போகும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் ஆறு கட்டுரை வந்திருக்கும். ஆறுக்கும் தலைப்பு 'மறக்க முடியாத நாட்கள்'. ஆறிலும் அதே நான்கு முன்னாள் தலைவர்களின் பெயர், அதே கோப்பை, கடைசிப் பத்தியில் கிளப் மேலும் வளர வாழ்த்து. படகு கவிழ்ந்த கதை ஒன்றுகூட இருக்காது. கவிழாத போட் கிளப் எங்கே இருக்கிறது?

நான் சில வருடம் காக்ஸாக இருந்தவன். படகில் துடுப்புப் போடாமல், சுக்கானைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களைப் பார்த்துக் கத்துகிற ஆள்தான் காக்ஸ். எடை குறைவு என்பது ஒன்றே என் தகுதி. அந்தப் பழக்கத்தில் ஒரு பழைய கிளப்பின் ஆண்டு விழாவுக்குக் கதை சேகரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கிளப்பின் பெயர் இங்கே வேண்டாம். அந்த வேலையில் ஒன்று தெரிந்தது: எழுதச் சொன்னால் கதை வராது, போய் உட்கார்ந்து கேட்டால் வரும். அப்படிக் கேட்டாலும் 'கிளப்பைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றால் வராது. 'அன்று காலையில் படகுக் கொட்டகைக் கதவை யார் திறந்தார்?' என்றால் வரும்.

நம் பக்கத்து ரோயிங் கிளப்புகளுக்கு, அதாவது துடுப்புப் படகுக் கிளப்புகளுக்கு, வயது அதிகம். கல்கத்தா ரோயிங் கிளப் 1858, கொழும்பு ரோயிங் கிளப் 1864, மெட்ராஸ் போட் கிளப் 1867, புனேயின் ராயல் கன்னாட் போட் கிளப் 1868. பாய்மரப் படகுக்காரர்களின் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911. சென்னைக்கும் கொழும்புக்கும் நடக்கும் படகுப் போட்டியே 1898-ல் தொடங்கியது. 2027-ல் மெட்ராஸ் போட் கிளப்புக்கு 160 ஆகிறது. ஆக, இந்த வேலை இன்னும் பல பேருக்கு வரப் போகிறது.

1. வயதுப் பட்டியல் போடுங்கள்

விழாவுக்கு 18 மாதம் முன்பே தொடங்குங்கள். பன்னிரண்டு மாதத்தில் முடிக்கலாம்தான், ஆனால் நடுவில் ஒரு மழைக்காலமும் ஒரு கல்யாண சீசனும் வந்து மூன்று மாதத்தைத் தின்றுவிடும்.

உறுப்பினர் பதிவேட்டைப் பதவி வாரியாகப் பார்க்காமல் வயது வாரியாக அடுக்குங்கள். எண்பதைத் தாண்டியவர்களை முதல் இரண்டு மாதத்துக்குள் பார்த்துவிட வேண்டும். இதைக் கண்டிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு பெரியவர் போனில் நன்றாகப் பேசினார், "நாளைக்கே வாயேன்" என்றார். "ஊருக்குப் போயிட்டு வந்து பத்து நாள்ல வரேன் சார்" என்று சொன்னவன் நான். திரும்பி வந்து போனபோது வாசலில் பந்தல் போட்டிருந்தது.

அப்புறம் இன்னொரு பட்டியல், பதிவேட்டில் பெயரே இல்லாதவர்களுடையது. என் கணக்கில் இதுதான் முக்கியமான பட்டியல். படகுகளைத் தூக்கி இறக்கிய போட்மேன்கள், மரப் படகுக்கு ஒட்டுப் போட்ட ஆசாரி, கேன்டீனில் முட்டை பொரித்தவர், வாட்ச்மேன், கரையில் நின்று நேரம் பார்த்த மனைவிமார். எந்தப் படகில் எந்தப் பலகை எப்போது மாற்றப்பட்டது என்று செயலாளருக்குத் தெரியாது, போட்மேனுக்குத் தெரியும். பல கிளப்புகளில் அப்பா, மகன் என்று இரண்டு தலைமுறை அதே வேலையில் இருந்திருப்பார்கள். அவர்களை 'ஊழியர்களுக்கு நன்றி' என்று கடைசிப் பக்கத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டால் மலரில் பாதிக் கதை போய்விடும்.

யார் உள்ளே வர முடியாமல் இருந்தார்கள் என்பதும் கிளப்பின் கதைதான். வெள்ளைக்காரர் காலத்துக் கிளப்புகள் பலவற்றில் இந்தியர்கள் உறுப்பினராக முடியாது. சென்னையில் 1873-ல் காஸ்மாபாலிட்டன் கிளப் தொடங்கப்பட்ட பின்னணி அதுதான். பெண்களுக்குக் கதவு திறந்தது பல இடங்களில் அதற்கும் வெகு பிந்தி. உங்கள் கிளப்பில் முதல் இந்திய உறுப்பினர் யார், முதல் பெண் உறுப்பினர் யார், அவர்கள் சேர்ந்த வருடத்து மினிட் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தேடிப் பாருங்கள். விழா நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்று கமிட்டியில் ஒருவராவது முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

குழுவுக்கு மூன்று பேர் போதும். ஒருவர் பேச, ஒருவர் ரெக்கார்டரையும் படங்களையும் பார்த்துக்கொள்ள, ஒருவர் போன் போட்டுத் தேதி வாங்க. தலைவரைப் பேட்டி எடுக்க அனுப்பாதீர்கள். அவர் எதிரே உட்கார்ந்தால் எல்லாரும் பாராட்டு வாசிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

2. கேட்கப் போகும் முன் காலக்கோடு

ஒரு நீளமான சார்ட் பேப்பரைச் சுவரில் ஒட்டி, தொடக்க வருடத்திலிருந்து கோடு போடுங்கள். கோப்பை வென்றவர்களின் பலகையில் இருக்கும் பெயர்களை முதலில் ஏற்றுங்கள். அப்புறம் மினிட் புத்தகம், ரெகாட்டா எனும் படகுப் போட்டி விழாக்களின் நிகழ்ச்சி நிரல்கள், லாக் புக்.

எல்லாவற்றிலும் சுவையானது லாக் புக். தேதி, படகின் பெயர், ஏறியவர்கள், போன நேரம், வந்த நேரம் என்று கட்டம் கட்டி இருக்கும். கடைசிக் கட்டம் 'சேதம்'. அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். 'ரிகர் (படகின் ஓரத்தில் துடுப்பைத் தாங்கும் சட்டம்) வளைந்தது', 'பாலத் தூணில் இடி', 'அடிப்பலகையில் ஒரு சாண் கீறல்'. இப்படி ஒவ்வொரு வரிக்கும் பின்னால் நான்கைந்து ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களில் யாராவது ஒருவர் இன்னும் தி. நகரிலோ டொரண்டோவிலோ இருப்பார். தேதியைச் சொல்லி, "அன்னைக்கு நீங்கதானே சார் படகுல?" என்று கேட்டுப் பாருங்கள்.

லாக் புக் வெள்ளத்தில் போயிருந்தால்? ஆற்றங்கரைக் கிளப் என்றால் அதற்கு வாய்ப்பு அதிகம். அடையாறு 2015 டிசம்பரில் கரையோரத்தை என்ன செய்தது என்று தெரியும். அப்போது வெளியே தேட வேண்டியதுதான். 1878-ல் தொடங்கிய தி இந்துவின் பழைய இதழ்கள், 1868 முதல் 1981 வரை வந்த மெட்ராஸ் மெயில் (பின்னாளில் தி மெயில்) ஆகியவற்றில் ரெகாட்டா செய்திகள் கிடைக்கும். கன்னிமாரா நூலகம், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆகிய இடங்களில் கேட்டுப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவின் ட்ரோவ், சிங்கப்பூரின் நியூஸ்பேப்பர் எஸ்ஜி என்ற பழைய பத்திரிகைத் தொகுப்புகள் இரண்டும் இணையத்தில் இலவசம். எதிரணிக் கிளப்புக்கும் ஒரு கடிதம் போடுங்கள். நாம் தோற்ற வருடங்களை அவர்கள் நன்றாகவே எழுதி வைத்திருப்பார்கள்.

காலக்கோட்டில் ஊர் நிகழ்ச்சிகளையும் வேறு நிறத்தில் குறியுங்கள். எந்த வருடம் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. "எல்பின்ஸ்டன் பாலத்துக்கு அடியில போனீங்களா, திரு.வி.க. பாலம் வந்துடுச்சா?" என்று கேட்டால், அடையாற்றில் புதுப் பாலம் வந்த 1973-க்கு முன்னா பின்னா என்று தெரிந்துவிடும். 1966 நவம்பர் புயல், எம்.ஜி.ஆர். இறந்த 1987 டிசம்பர், 2004 சுனாமி எல்லாம் இதேபோலக் கை கொடுக்கும்.

கொழும்புக்குப் போட்டிக்குப் போன பழைய ஆட்களிடம் கேட்க என்னிடம் ஒரு பிடித்த கேள்வி உண்டு: "தனுஷ்கோடி வழியா போனீங்களா, ராமேஸ்வரம் வழியா?" 1914-லிருந்து போட் மெயில் ரயிலில் தனுஷ்கோடி போய், அங்கிருந்து கப்பலில் தலைமன்னாருக்குப் போகலாம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோன பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து கிளம்பியது. இந்த ஒரு கேள்வியில் வருடமும் கிடைக்கும். கூடவே ரயிலில் யார் சாப்பாட்டு மூட்டை கொண்டுவந்தார், கப்பலில் யாருக்கு வாந்தி வந்தது, மறுநாள் கொழும்பின் பெய்ரா ஏரியில் அவரை எப்படி உட்கார வைத்தார்கள் என்ற கதையும் வரும்.

3. அழைப்பு

பொதுச் சுற்றறிக்கையால் பயன் குறைவு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, அவர்களைப் பற்றி ஒரு விவரமாவது சேர்த்து அனுப்புங்கள். நாங்கள் அனுப்பிய வாட்ஸாப் செய்தி ஏறக்குறைய இப்படி இருந்தது:

'வணக்கம் சார். 1971 லாக் புக்கில் உங்கள் பெயர் பதினேழு இடத்தில் இருக்கிறது. அதில் ஒரு நாள், படகு பேராக இருந்தும் மூன்று பேர் பெயர் எழுதியிருக்கிறது. அது எப்படி என்று தெரிந்துகொள்ள ஆசை. வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் பேசலாமா? எதுவும் எழுத வேண்டாம், எதையும் தயார் செய்ய வேண்டாம். பழைய போட்டோ இருந்தால் எடுத்து வையுங்கள்.'

பேர் என்பது இரண்டு பேர் துடுப்புப் போடும் படகு. பத்து நிமிடத்தில் போன் வந்தது. மூன்றாவது ஆள் யார் என்று இங்கே சொல்லக் கூடாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

'எதுவும் தயார் செய்ய வேண்டாம்' என்பதை மறக்காமல் சேருங்கள். தயார் செய்துகொண்டு வருகிறவர்கள் எழுதி வைத்துப் படிப்பார்கள்.

4. பேச்சு

முடிந்தால் படகுக் கொட்டகையிலேயே பேசுங்கள். நடக்க முடியாதவர் என்றால் ஒரு பழைய துடுப்பு, ஒரு பனியன், ஒரு கோப்பை, ஏதாவது ஒரு பொருளை அவர் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். வாய் மறந்ததைக் கை மறந்திருக்காது.

ஒருவருக்கு வயது 84. வரவேற்பறையில் அரை மணி நேரம், "நல்லா இருந்தது, நல்ல ஃப்ரெண்ட்ஸ்" என்பதைத் தாண்டவில்லை. சரி, கொட்டகைக்குப் போகலாமா என்று கேட்டோம். மகள் காரில் கொண்டுவந்து விட்டார். மூலையில் சாய்த்து வைத்திருந்த மரத் துடுப்பு ஒன்றைக் கையில் எடுத்தார். தோல் சுற்றிய இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "இது ஸ்ட்ரோக் சைடு" என்றார். படகின் ஒரு பக்கம் ஸ்ட்ரோக் சைடு, மறுபக்கம் போ சைடு. எப்படி சார் தெரியும் என்றால், துடுப்பின் தட்டையான முனை, அதாவது அலகு, வளைந்திருக்கும் பக்கத்தைக் காட்டினார். அப்புறம் இரண்டு கையாலும் பிடியைப் பிடித்தார். உள்கை மணிக்கட்டு தானாகக் கீழே மடங்கி நிமிர்ந்தது. தண்ணீரிலிருந்து எடுத்த அலகைப் படுக்க வைக்கும் திருப்பு அது. அறுபது வருடமாகத் துடுப்பைத் தொடாதவர். நின்றுகொண்டே, "எனக்கு ஃபைனல்ஸ்ல கிராப் அடிச்சது தெரியுமோ?" என்று ஆரம்பித்தார்.

கிராப் என்றால் அலகு தண்ணீருக்குள் சிக்கி வெளியே வராமல் போவது. படகு ஓடும் வேகத்தில் துடுப்பின் பிடி திரும்பி வந்து நெஞ்சில் அடிக்கும், ஆளையே தூக்கி எறிந்தாலும் எறியும். தோற்ற கதைதான், ஆனால் அதில் முன்னால் இருந்தவனின் முதுகு, காக்ஸ் சொன்ன கெட்ட வார்த்தை, கரையேறியதும் யாரும் ஒன்றும் பேசாமல் படகைக் கழுவியது என்று எல்லாம் இருந்தது. அன்று இரவு அவர் மனைவி என்ன சொன்னார் என்பதும் வந்தது. அவர் வென்ற மூன்று கோப்பைகளைப் பற்றி நான்கு வரிகூடத் தேறவில்லை.

வென்ற கதைகள் அநேகமாக இப்படித்தான் சப்பென்று இருக்கும். தோற்றது, கவிழ்ந்தது, ரிசர்வில் உட்கார்ந்தது, கடைசி நேரத்தில் ஆள் வராமல் போனது ஆகியவற்றைத்தான் கேட்க வேண்டும்.

எனக்குப் பலன் கொடுத்த கேள்விகள் சில:

- முதல் நாள் உங்களை யார் கூட்டிக்கொண்டு வந்தார்? என்ன செருப்பு போட்டிருந்தீர்கள்?
- காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? வீட்டில் யார் காபி போட்டுக் கொடுத்தார்?
- ஆற்றுத் தண்ணீர் அப்போது எப்படி இருந்தது? கீழே மண் தெரியுமா? வாடை எப்போது ஆரம்பித்தது?
- படகில் உங்களுக்கு முன்னால் உட்கார்ந்தவரின் முதுகைப் பற்றிச் சொல்லுங்கள்.
- எந்தப் படகில் ஏறப் பயந்தீர்கள்?
- யாரோடு சண்டை? இப்போது பேசிக்கொள்கிறீர்களா?
- கையில் காய்ப்பு இன்னும் இருக்கிறதா?

முதுகுக் கேள்வியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ரோயிங்கில் துடுப்புப் போடுகிற எல்லாரும் படகின் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்துதான் ஓட்டுகிறார்கள். வருடக்கணக்கில் ஒரே மனிதரின் முதுகைப் பார்த்தவர்கள் அவர்கள். "இடது தோள்ல ஒரு மச்சம், வெயில்ல உரிஞ்ச தோல்" என்று ஆரம்பித்து அந்த மனிதரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். எனக்கு இதுதான் சிரமமாக இருந்தது, காக்ஸ் புத்தி. பதில் முடிந்தது போலத் தெரிந்ததும் அடுத்த கேள்வியைப் போடாதீர்கள், மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். ஏழு, எட்டுக்குள் "இன்னொண்ணு சொல்லணும்…" என்று வரும். பெரும்பாலும் அந்த இன்னொன்றுதான் நமக்கு வேண்டியது.

போட்மேன்களிடம் பேசும்போது இன்னும் கவனம் தேவை. கிளப் ஆபீஸில் உட்கார வைத்தால், "எல்லா சாரும் நல்லவங்கதாம்பா" என்பதற்கு மேல் வராது. ஜெட்டிப் படியிலோ அவர் வீட்டுத் திண்ணையிலோ டீ குடித்துக்கொண்டே பேசுங்கள். கடிகாரத்தைப் பார்க்காமல் அவர் போக்கில் பேச விடுங்கள். "அண்ணே, இந்தப் படகுக்கு நீங்க என்ன பேர் வச்சிருந்தீங்க?" என்று ஒருவரிடம் கேட்டேன். உறுப்பினர்கள் வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று, போட்மேன்கள் தங்களுக்குள் வைத்த பெயர் இன்னொன்று. ஒரு படகுக்கு 'நொண்டி' என்று பெயர், எப்போதும் வலது பக்கம் சாய்ந்து போகுமாம். அதைப் பழுது பார்த்தவர் பத்து வருடம் தேடியும் கண்டுபிடிக்காத கோளாறு.

தனித்தனியாகப் பேசி முடித்த பிறகு, ஒரே படகில் இருந்த நான்கு பேரைச் சேர்த்து உட்கார வையுங்கள். முதலிலேயே சேர்த்தால் அதிகம் பேசுகிறவரின் கதையே எல்லாருக்கும் கதையாகிவிடும்.

5. ஒலிப்பதிவு

தனி ரெக்கார்டர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் போனே போதும். எடுத்ததும் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். என் மூன்றாவது பேட்டியில், ஆள் உருகிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் கடன் வேண்டுமா என்று ஒரு போன் வந்து பதிவு நின்றுவிட்டது. பார்க்கவே இல்லை. நாற்பது நிமிடம் போச்சு.

வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிவு செய்யுங்கள். ஸ்டீரியோ என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி ஆகும். வாட்ஸாப்பில் ஆடியோவாக அனுப்பினால் ஒலி சுருங்கிவிடும், அதனால் மூலக் கோப்பை நேரடியாகக் கணினிக்கு மாற்றுங்கள். போனை மேசையில் வெறுமனே வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தம் இடி மாதிரி கேட்கும், அடியில் ஒரு துண்டை மடித்து வையுங்கள். மின்விசிறியைக் குறைக்கலாமா என்று கேளுங்கள். குக்கர் விசிலைத் தடுக்க முடியாது, அது அடங்கும் வரை போட்டோ பார்த்துக்கொண்டிருங்கள். ஆற்றங்கரையில் எடுத்தால் காக்கையும் சேர்ந்து வரும், அது இருந்துவிட்டுப் போகட்டும்.

பதிவின் தொடக்கத்தில் உங்கள் குரலில் தேதி, இடம், பேசுகிறவர் பெயர் மூன்றையும் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் அழிந்தாலும் யார் என்று தெரியும். அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். நாலு வரி போதும்: 'என் பேச்சையும் நான் கொடுத்த படங்களையும் கிளப்பின் மலரிலும் கண்காட்சியிலும் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன். அச்சாகும் முன் எனக்குக் காட்ட வேண்டும். நான் குறிப்பிட்ட பகுதிகளை வெளியிடக் கூடாது.' கையெழுத்து, தேதி. பேசி முடித்த பிறகு வாங்குங்கள். என்ன பேசினோம் என்று தெரிந்த பிறகு போடும் கையெழுத்துக்குத்தான் அர்த்தம் உண்டு.

6. படகுகளுக்கும் ஒரு கோப்பு

ஆட்களுக்குக் கோப்பு போடுவது போலப் படகுகளுக்கும் போடுங்கள். பெயர், எந்த வருடம் வந்தது, எங்கே கட்டியது, என்ன மரம், யார் பெயரை ஏன் வைத்தார்கள், எப்போது ஓய்வு, இப்போது எங்கே இருக்கிறது. இன்றைக்குப் போட்டிக்குரிய ஒற்றையாள் படகு குறைந்தது 14 கிலோ இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி, கார்பன் ஃபைபரில் அதைச் சாதிக்கிறார்கள். பலகை மேல் பலகை ஏற்றிக் கட்டிய பழைய பயிற்சிப் படகை ஒருவரால் அசைக்க முடியாது. அதைத் தோளில் தூக்கி ஜெட்டிக்குக் கொண்டுபோன கதையே ஒரு பக்கத்துக்கு வரும்.

ஓய்வு பெற்ற படகுகள் வினோதமான இடங்களில் இருக்கும். ஒன்று கேன்டீன் கூரையில் தொங்கும், ஒன்றைப் பாதியாக வெட்டிப் புத்தக அலமாரி ஆக்கியிருப்பார்கள். நாங்கள் தேடிய ஒன்று, ஆசாரி வீட்டில் கோழிக்கூண்டுக்கு மேல் கவிழ்ந்து கிடந்தது. பெயர் எழுதிய முன்பலகை மட்டும் வார்னிஷ் மாறாமல் அப்படியே இருந்தது. அவர் வருடாவருடம் பூசி வந்திருக்கிறார்.

7. போட்டோக்கள்

வீட்டுக்குப் போகும்போதே ஸ்கேனரைக் கொண்டுபோங்கள். 'கொடுத்து அனுப்புகிறேன்' என்ற ஆல்பம் வராது. வாங்கிக்கொண்டு போனால் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு நமக்கு. அச்சுப் படங்களை 600 டிபிஐயில், நெகட்டிவை 2400-க்குக் குறையாமல், டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்யுங்கள். பசை ஒட்டும் தாள் வைத்த எண்பதுகளின் ஆல்பங்களில் படத்தை உரிக்கவே உரிக்காதீர்கள், பக்கத்தோடு எடுங்கள். வெள்ளத்தில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிய படங்களையும் அப்படியே விட்டு, பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். காடி வாடை அடிக்கும் நெகட்டிவ் இருந்தால் தனி உறையில் பிரித்து வையுங்கள், அது கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். பெயர்களும் ஸ்டூடியோ முத்திரையும் அங்கேதான் இருக்கும். குறிப்பு எழுத வேண்டுமானால் மெல்லிய பென்சில், பேனா கூடாது. படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று கேட்கும்போது ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருக்கட்டும்.

8. எழுத்தில் கொண்டுவருவது

ஒரு மணி நேரப் பேச்சை எழுத எனக்கு ஆறு மணி நேரம் ஆனது. இப்போது கணினியே எழுதிக் கொடுக்கிறது, ஆனால் தமிழும் ஆங்கிலமும் கலந்த கிளப் பேச்சில் அது தடுமாறும். 'போ சைடு' என்பதைப் 'போ' என்று விரட்டுவதாக எடுத்துக்கொள்ளும். எப்படியும் ஒருவர் காதால் கேட்டுச் சரிபார்க்கத்தான் வேண்டும்.

திருத்துவதில்தான் பல மலர்கள் கெட்டுப்போகின்றன. ஒருவர் சொன்னது இது:

"லோ டைடுன்னு யாரும் பாக்கல. போட்டு மணல்ல ஏறிடுச்சு. காக்ஸ் 'ஈஸி ஆல், ஈஸி ஆல்'னு கத்தறான். எங்க ஈஸி? இறங்கினா முழங்கால் வரைக்கும் சேறு. என் ஷூ இன்னும் அங்கதான் இருக்கு."

'ஈஸி ஆல்' என்றால் எல்லாரும் துடுப்பை நிறுத்துங்கள் என்று அர்த்தம். மலர்க் குழு திருத்திக் கொடுத்தது இது: 'நீர்மட்டம் குறைவாக இருந்த காரணத்தால் படகு மணல்திட்டில் சிக்கியது. எனினும் குழுவினர் மன உறுதியுடன் நிலைமையைச் சமாளித்தனர்.' ஷூ எங்கே போச்சு? நல்லவேளை, அவர் அச்சாகும் முன் பார்த்துவிட்டார்.

திரும்பத் திரும்ப வரும் சொல்லையும் தடம் மாறும் வாக்கியத்தையும் வெட்டுங்கள். பேச்சு வழக்கை மாற்றாதீர்கள். வாசகருக்குப் புரியாத ரோயிங் சொல் வந்தால் பக்கத்திலேயே அரை வரியில் விளக்கிவிட்டு நகருங்கள்.

9. முரண்பட்ட கதைகள்

ஒரே போட்டியில், மற்றவர்களுக்குத் தாளம் பிடித்துக் கொடுக்கும் ஸ்ட்ரோக் இருக்கையில் உட்கார்ந்ததாக இரண்டு பேர் சொல்வார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. லாக் புக்கையும் செய்தித்தாளையும் பார்த்து உண்மை தெரிந்தால் அடிக்குறிப்பாகப் போடுங்கள், கதைக்குள் கைவைக்காதீர்கள். எதுவும் கிடைக்காவிட்டால் இரண்டு கதையையும் எதிரெதிர்ப் பக்கத்தில் போடுங்கள். நாங்கள் அப்படிப் போட்டதில் இரண்டு பேருக்கும் கோபம், ஆனால் இருவரும் தலா ஐந்து பிரதி வாங்கிக்கொண்டு போனார்கள்.

கடன், குடி, காதல், கமிட்டித் தேர்தல் என்று பல விஷயம் வரும். உயிரோடு இருப்பவரைப் பற்றி என்றால் அவரிடம் கேட்காமல் அச்சிடக் கூடாது, இறந்தவர் என்றால் குடும்பத்திடம். கொழும்பு நண்பர்களிடம் பேசினால் 1983 ஜூலையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரம் குறுக்கே வரும். அந்தப் பக்கம் நீங்களாகக் கேட்டுப் போகாதீர்கள். அவர்களாகப் பேசினால் நிறுத்தாமல் கேளுங்கள், எதை வெளியிடலாம் என்பதை அவர்களே சொல்லட்டும்.

10. பாதுகாப்பு

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். கிளப் ஆற்றங்கரையில் இருந்தால் அந்த வேறு இடம் மாடியாக இருந்தால் மட்டும் போதாது, வேறு பேட்டையாக இருக்க வேண்டும். மூலப் பதிவுகளின் ஒரு பிரதியை ஒரு நூலகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கமிட்டி மாறும்போது பாஸ்வேர்டு தெரிந்தவரும் மாறிவிடுவார் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

11. விழா நாள்

மேடைக்கு எதிரே இல்லாமல், படகுக் கொட்டகை ஓரமாக ஒரு மேசை போடுங்கள். ஸ்கேனர், ரெக்கார்டர், பெயர் எழுத ஒரு நோட்டு, மேலே அடையாளம் தெரியாத போட்டோக்கள் பத்துப் பதினைந்து பெரிதாக அச்சிட்டு, 'இவர் யார்?' என்று ஒட்டியது. கூட்டம் அங்கேதான் நிற்கும். எங்களுக்கு அன்று மட்டும் பன்னிரண்டு பெயர் கிடைத்தது.

சாப்பாடு முடிந்ததும் மேசையை மடக்க அவசரப்படாதீர்கள். சாமியானா ஆட்கள் நாற்காலியை அடுக்கும் நேரத்தில், ஒரு பிளாஸ்டிக் கவரில் ஒரே ஒரு போட்டோவோடு ஒருவர் தயங்கித் தயங்கி வருவார். "எங்க அப்பா இங்க வேலை பாத்தாரு, இது உங்களுக்கு வேணுமான்னு…" அடுக்கிய நாற்காலிகளில் ஒன்றை எடுத்து அவருக்குப் போடுங்கள். ரெக்கார்டரில் சார்ஜ் இருக்கிறதா பாருங்கள்.